நம் உடம்பை நாமே எழுதுவோம்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயமானது, ஒருவர் தம் உடம்பில் தாம் அனுபவித்ததைக் கதையாகவோ கவியாகவோ எழுதுவது என்பதாகும். இதைப்பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை இருக்கின்றது என்று பண்டிதர்கள் கேட்கக்கூடும். நாம் காலேஜில் இலக்கணம் வாசித்தவரல்ல. யாப்பும் அலங்காரமும் நமக்குத் தெரியாது. ஆனால் நமக்கும் ஒரு உடம்பு இருக்கின்றது. நாற்பது வருஷத்திற்கு மேலாக அதற்குள்ளேயே குடியிருந்து வருகின்றோம். பசி, காய்ச்சல், கூச்சம், களைப்பு எல்லாவற்றையும் வாத்தியார் இல்லாமலேயே அதனிடம் படித்திருக்கின்றோம். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் மாத்திரம் படித்தவருக்கும் படியாதவருக்கும் யோக்கியதை சமந்தான் என்று தைரியமாய்ச் சொல்லி ஆரம்பிக்கின்றோம்.

நாம் சொல்ல வந்தது ஒன்றேதான். நம் உடம்பைப்பற்றி இதுவரை பெரும்பாலும் பிறத்தியார் எழுதிவைத்ததையே நம்பி வந்திருக்கின்றோம். சாஸ்திரக்காரன் எழுதினான், கவிராயன் எழுதினான், துறவி எழுதினான், விளம்பரம் போடும் வைத்தியன் எழுதினான். அந்த உடம்புக்குள் இருப்பவர் தம் கையால் எழுதினால்தான் இவர்கள் எழுதியதில் எது நிஜம், எது புரட்டு என்பது தெரியவரும். மற்றதெல்லாம் இதற்கு விளக்கந்தான்.

பிறர் எழுதிவைத்த உடம்பு

"நம் நாட்டில் உடம்பைப்பற்றி எழுதாமலா இருந்தார்கள்?" என்று கேட்பீர்கள். ஏராளமாய் எழுதித்தான் இருக்கின்றார்கள். பாதாதிகேசம் என்று ஒரு பிரபந்தம். கேசாதிபாதம் என்று மற்றொரு பிரபந்தம். காலில் ஆரம்பித்துத் தலைமயிர் வரைக்கும் ஒரு தடவை; அது போதாதென்று தலைமயிரில் ஆரம்பித்துக் கால்வரைக்கும் ஒரு தடவை. பாதம் தாமரை, இடை மின்னல், கழுத்து சங்கு, கண் கயல், பல் முத்து! சரி, இப்பேர்ப்பட்ட அம்மாளுக்கு ஒரு நாளாவது கால் வலித்ததா? அடுப்படியில் நின்று நின்று அந்தத் தாமரையில் பித்தவெடிப்பு வந்ததா? அந்த முத்துப் பல்லில் சொத்தை விழுந்து, ராத்திரியெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளா? மின்னல் போன்ற அந்த இடையில் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு இரண்டு மைல் நடந்தாளா? அந்தப் பிரபந்தங்களை எவ்வளவு புரட்டினாலும் இதற்குப் பதில் அகப்படாது.

பிள்ளைத்தமிழ் என்று இன்னொன்று. குழந்தைக்கு மூன்றாம் மாதம் முதல் கணக்கெடுத்துப் பத்துப் பருவம். பருவத்திற்குப் பத்துப் பாட்டு. ஆக நூறு பாட்டு. குழந்தை தலையை நிமிர்த்தி ஆடுவது, கை கொட்டுவது, முத்தம் கொடுப்பது எல்லாம் அதில் உண்டு. நல்லதுதான். ஆனால் அதற்கு முந்திய பத்து மாதம் எங்கே போயிற்று என்று கேட்கின்றோம். வாயில் வைத்த சோறெல்லாம் வெளியே வந்த மாதங்கள் எங்கே? கால் வீங்கி, மெட்டி கழலாமல் சோப்புப் போட்டுக் கழற்றிய நாள் எங்கே? பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகி, காய்ச்சல் கண்டு நடுங்கிய ராத்திரி எங்கே? நூறு பாட்டு எழுதியவர் பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை.

இது ஒரு கட்சி. மற்றொரு கட்சி துறவிகளுடையது. இவர்களுக்கு உடம்பு மலபாண்டம், நாற்றச் சடலம், புழுக்கூடு. அதிலும் பெண்ணின் உடம்பு நரகத்துக்கு வாசல். ஒருவர் தாமரை என்றார். ஒருவர் மலபாண்டம் என்றார். பார்வைக்கு இரண்டும் நேர் விரோதம்போல் தோன்றினாலும், உள்ளே இருப்பவளை ஒரு பேச்சுக் கேட்காமல் வெளியே நின்று தீர்ப்புச் சொல்லுவதில் இரண்டு பேரும் கூட்டாளிகளே.

நியாயமாய்ப் பேசவேண்டுமானால், நம் பாஷையில் ஆதியிலிருந்தே இப்படி இல்லை என்பதையும் சொல்லவேண்டும். சங்கப் பாட்டுக்களில் வெள்ளிவீதியார் போன்ற பெண்பாற் புலவர்கள் தம் மேனி வாடுவதையும், ஆசையையும், ஏக்கத்தையும் தாமே சொல்லியிருக்கின்றார்கள். அதன்பிறகும் ஒப்பாரியிலும் நடவுப் பாட்டிலும் தாலாட்டிலும் நம் தாய்மார்கள் தங்கள் உடம்பின் கஷ்டத்தைச் சொல்லாமல் இல்லை. ஆனால் அவற்றைப் பண்டிதர்கள் வெகுகாலம்வரை இலக்கியத்தில் சேர்க்கவில்லை. வயலோடும் பாடையோடும் விட்டுவிட்டார்கள்.

பேர் வைத்தே மறைத்தது

தோழர்களே! நம் உடம்பில் நடப்பவற்றிற்கு நாம் வழங்கும் பெயர்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

பெண்களுக்கு மாதந்தோறும் வருவதை என்னவென்று சொல்லுகின்றோம்? "தூரம்", "வீட்டுக்குத் தூரம்", "வீட்டு விலக்கு", "தீட்டு" என்கின்றோம். இந்த வார்த்தைகளில் வயிற்று வலி இருக்கின்றதா? இடுப்புப் பிடிப்பு இருக்கின்றதா? ரத்தம்தான் இருக்கின்றதா? அவள் வீட்டுக்கு எவ்வளவு தள்ளி நிற்கவேண்டும் என்ற அளவு மாத்திரமே இருக்கின்றது. அவள் உடம்பில் நடக்கும் காரியத்துக்கு மற்றவர்களுடைய வசதியை வைத்துப் பெயர் சூட்டியிருக்கின்றார்கள். கருத்தரிக்காத மாதத்தில் கருப்பையின் உட்படலம் கழன்று ரத்தத்தோடு வெளியேறுகின்றது, அவ்வளவுதான் சங்கதி. இதில் யாருக்கு என்ன தீட்டு? ஆனால் தூரம் என்ற வார்த்தையைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த பெண், தன் வயிற்று வலியைக்கூடக் குற்றவாளியைப்போல் மறைத்துக்கொள்ளுகின்றாள்.

அம்மை நோயைப் பாருங்கள். கொப்புளத்துக்கு "முத்து" என்று பெயர். நோய்க்கு "அம்மா வந்திருக்கின்றாள்" என்று பெயர். உடம்பெல்லாம் நெருப்பாய் எரிகின்ற பிள்ளை, எரிகின்றது என்று அலறினால் அம்மாளுக்குக் கோபம் வந்துவிடுமாம்! ஆகையால் நோயாளி தன் நோயைச் சொல்லவும் உரிமையில்லாமல் கிடந்தான். அந்தப் பெரியம்மை என்னவாயிற்று? 1796-ல் ஜென்னர் என்கின்ற இங்கிலீஷ் வைத்தியர் பசுவின் அம்மைப் பாலைக்கொண்டு தடுப்பு வழியைக் காட்டினார். 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-ல் உலக சுகாதார ஸ்தாபனம் உலகத்திலேயே அது ஒழிந்துவிட்டதென்று அறிவித்தது. அம்மாள் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்! ஆனால் சின்னம்மை கண்டால் இன்றைக்கும் "முத்து போட்டிருக்கின்றது" என்ற பேச்சுத்தான். எவ்வளவு அழகான உவமை! அழகான உவமையைக் கொண்டுதான் எரிச்சலை மூடிவைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஆண்பிள்ளைகள் சங்கதியும் மேலானதல்ல. வாலிப வயதில் தூக்கத்தில் விந்து வெளிப்படுவது இயற்கை. அதைப்பற்றி ஒரு பையன் அப்பனிடமும் சொல்லமுடியாது, அண்ணனிடமும் கேட்கமுடியாது. சொல்லாமல் இருப்பதினாலேயே அது பெரிய பூதமாய் வளர்கின்றது. பிறகு சுவரில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்துவிட்டு, ஊர் ஊராய் லாட்ஜில் அறை எடுத்து உட்கார்ந்திருக்கின்ற வைத்தியனிடம் போய், இல்லாத வியாதிக்குக் கைப்பணத்தைக் கொட்டிவிட்டு வருகின்றான். இந்த வியாபாரத்துக்கு மூலதனம் நம்முடைய வாய்மூடித்தனமே ஒழிய வேறில்லை. அந்த அனுபவத்தை ஒரு வாலிபன் உள்ளபடி கதையாய் எழுதினால், அதைப் படிக்கின்ற ஆயிரம் பையன்கள் அந்த மாடிப்படி ஏறமாட்டார்கள்.

நம்மிடம் உள்ள மூலதனம்

"எழுதலாம், ஆனால் வார்த்தைக்கு எங்கே போவது?" என்பீர்கள். வர்ஜீனியா வுல்ஃப் என்கின்ற இங்கிலீஷ் அம்மையார் 1926-ல் வியாதியைப்பற்றி எழுதும்போது, காதலைச் சொல்ல எவ்வளவோ வார்த்தை இருக்கின்ற இங்கிலீஷில், ஒரு தலைவலியைச் சொல்ல வார்த்தை போதவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். நமக்கு அந்தக் கவலை வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பாட்டியம்மாளிடம் போய், "எங்கே வலிக்கின்றது ஆத்தா?" என்று கேட்டுப் பாருங்கள். முழங்காலில் குடைச்சல் என்பாள். இடுப்பில் பிடிப்பு என்பாள். விலாவில் குத்தல், அடிவயிற்றில் கடுப்பு, நெஞ்சில் கரிப்பு, பல்லில் கூச்சம், கண்ணில் உறுத்தல், தோளில் இசிவு, பாதத்தில் எரிச்சல் என்பாள். நகச்சுற்று விண்விண்ணென்று தெறிக்கின்றது என்பாள். சுருக்கென்றது வேறு, சுள்ளென்றது வேறு, பளிச்சென்று வெட்டியது வேறு. பகலெல்லாம் நடந்த காலுக்கு உளைச்சல். ஒரே பக்கமாய்ப் படுத்த கைக்கு மரமரப்பு. ஒன்றைச் சொல்லவேண்டிய இடத்தில் மற்றொன்றை அவள் சொல்லவேமாட்டாள்.

இது வெறும் வாய்ப்பேச்சல்ல, சாஸ்திரத்துக்கும் உதவக்கூடிய செல்வம். கனடாவில் மெக்கில் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் என்பவர், நோவைக் குறிக்கின்ற 78 வார்த்தைகளை 20 பிரிவாய்ப் பிரித்து, 1975-ல் ஒரு கேள்வித்தாளாக வெளியிட்டார். நோயாளி எந்த வார்த்தையைத் தெரிந்தெடுக்கின்றார் என்பதைக்கொண்டு வைத்தியர் வலியின் தன்மையை அறியமுயலுகின்றார். நோயாளியின் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு. நம் பாட்டியம்மாளோ ஒரு கேள்வித்தாளும் இல்லாமல் இதை வைத்திருக்கின்றாள். ஆனால் நாம் பேனாவை எடுத்தவுடன் என்ன செய்கின்றோம்? குடைச்சலையும் கடுப்பையும் தூர எறிந்துவிட்டு, "சொல்லொணாத வேதனை" என்று எழுதுகின்றோம். சொல்லுவதற்கு வார்த்தை வீட்டில் கிடக்கும்போது சொல்லொணாதது என்ன?

எழுதிக் காட்டியவர்கள்

ஃபானி பர்னி என்று ஒரு நாவலாசிரியை. இங்கிலாந்தைச் சேர்ந்தவர், பிரான்சுக்காரரை மணந்தவர். பாரிஸில் இருக்கும்போது மார்பில் கட்டி கண்டது. 1811-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி, அவர் வீட்டிலேயே வைத்து, நெப்போலியனுடைய சைன்யத்தின் பிரபல ரண வைத்தியரான லாரேயும் மற்ற வைத்தியர்களும் அந்த மார்பை அறுத்தெடுத்தார்கள். மயக்க மருந்து கிடையாது. ஈதர் என்கின்ற மயக்க மருந்தைக் கொடுத்து ரண சிகிச்சை செய்வதைப் பகிரங்கமாய்ச் செய்து காட்டியதே 1846-ல்தான். இவருக்குக் கொடுத்ததெல்லாம் கொஞ்சம் மது. முகத்தின்மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையைப் போட்டார்கள். அந்தத் துணிக்குள்ளே இருந்துகொண்டே, மினுக்கிய கத்தி பளபளப்பதை அவர் பார்த்தார். மார்பை யார் பிடித்துக்கொள்ளுவது என்று வைத்தியர் கேட்டபோது, தாமே பிடித்துக்கொள்ளுவதாகச் சொன்னார். கத்தி எலும்பிலே உராய்ந்தது வரைக்கும் எல்லாவற்றையும் அடுத்த வருஷம் தம் சகோதரிக்கு ஒரு நீண்ட கடிதமாய் எழுதினார். எழுதி முடிக்க மாதக்கணக்காயிற்று. எழுதியதைத் திருப்பிப் படிக்கவும் அவருக்குத் தைரியம் வரவில்லை. ஆனாலும் எழுதினார். அதன்பிறகு 1840 வரையில், 87 வயது வரை, ஜீவித்திருந்தார்.

அந்தச் சிகிச்சையைப்பற்றி வைத்தியர் தரப்பில் எழுதப்பட்ட குறிப்பும் இருக்கின்றது. அது வைத்தியத்துக்கு உபயோகம், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கைக்குட்டைக்கு வெளியே நின்றவர்கள் எழுதியதற்கும், கைக்குட்டைக்கு உள்ளே படுத்திருந்தவர் எழுதியதற்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணிப் பாருங்கள். வெளியே நின்று எத்தனை பேர் எழுதினாலும் அந்தக் கத்தியின் பளபளப்பு அகப்படாது. இன்று பேசவந்த சங்கதி முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கின்றது.

நம் தேசத்தில் ஒருவரைச் சொல்லுகின்றோம். வங்காளத்தில் பிறந்த ராஸ்சுந்தரி தேவி 12 வயதில் கல்யாணம் ஆனவர். 12 பிள்ளை பெற்றவர். பெண் படித்தால் குடும்பம் கெட்டுவிடும் என்று நம்பிய காலம். அவர் அடுக்களையில் ஒளித்து வைத்திருந்த ஏட்டில் உள்ள எழுத்தையும், மகன் எழுதிப் பழகிய பனையோலையில் உள்ள எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தாமாகவே படிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு "அமார் ஜீபன்", அதாவது "என் வாழ்க்கை" என்று 19-ஆம் நூற்றாண்டில் ஒரு புத்தகமே எழுதினார். வீட்டார் எல்லோருக்கும் ஆக்கிப் போட்டுவிட்டுத் தமக்குச் சாப்பிட நேரமில்லாமல் பட்டினி கிடந்ததை அதில் எழுதியிருக்கின்றார். சோறு ஆக்குகின்றவள் பட்டினி கிடக்கின்றாள் என்பது எந்த ஸ்மிருதியிலும் எழுதப்படாத உண்மை. அவள் எழுதியதினால்தான் வெளியே வந்தது.

கற்பனை என்றால் புராணமா?

இங்கே ஒரு தோழர் எழுந்து, "நீங்கள் பகுத்தறிவு பேசுகின்றவர்களாயிற்றே! கதையும் கவியும் கற்பனைதானே? கற்பனை என்றால் புராணப் புளுகுக்கு அண்ணன் தம்பிதானே? உண்மையை உண்மையாய் எழுதினால் போதாதா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்கு ஒரு கதையைக்கொண்டே பதில் சொல்லுகின்றோம்.

அமெரிக்காவில் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் என்று ஒரு அம்மையார். 1885-ல் குழந்தை பெற்றபின் கடுமையான மனச்சோர்வு கண்டது. 1887-ல் வியர் மிட்செல் என்ற பெயர்பெற்ற வைத்தியரிடம் போனார். அவர் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? படுத்திரு, நன்றாய்ச் சாப்பிடு, வீட்டு வேலை, குழந்தை என்று இரு, புத்தி வேலைக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்குமேல் கூடாது, ஆயுள் உள்ளவரை பேனாவைத் தொடாதே! நம் நாட்டு மனுவை விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்களோ என்று சந்தேகம் வருகின்றது. அந்த அம்மையார் சுமார் மூன்று மாதம் அப்படியே நடந்து பார்த்தார். புத்தி அடியோடு பேதலித்துவிடும் நிலைமைக்கு வந்துவிட்டது. பிறகு வைத்தியர் வார்த்தையைத் தூக்கி எறிந்துவிட்டு, பேனாவை எடுத்தார். "மஞ்சள் சுவர்த்தாள்" என்று ஒரு கதை எழுதினார். 1892-ல் அது அச்சாயிற்று.

அந்தக் கதையில் வரும் பெண்ணை மாடி அறையில் இருக்கவைத்து, எழுதக்கூடாதென்று புருஷனே தடுக்கின்றான். அவனும் ஒரு வைத்தியன். அவள் சுவரில் ஒட்டிய மஞ்சள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருக்கின்றாள். நாளாக ஆக அதில் உள்ள கோடுகள் கம்பிகளைப்போலவும், கம்பிக்குப் பின்னால் ஒரு பெண் தவழ்வதுபோலவும் தெரிகின்றது. கடைசியில் அவளே காகிதத்தைக் கிழித்துவிட்டுத் தவழ ஆரம்பித்துவிடுகின்றாள். இப்படிச் சுவரில் தோற்றம் கண்டது ஆசிரியருக்கு நேர்ந்ததா? இல்லை என்று அவரே 1913-ல் எழுதியிருக்கின்றார். அதைத் தாம் சேர்த்துக்கொண்டதாக ஒளிக்காமல் சொல்லியிருக்கின்றார். அந்தக் கதையின் ஒரு பிரதியைத் தமக்கு வைத்தியம் பார்த்தவருக்கே அனுப்பியும் வைத்தார். அவரிடமிருந்து பதில் வரவில்லை.

இப்போது புராணத்தோடு ஒத்துப் பாருங்கள். புராணக்காரன் நடக்காததைச் சொல்லி, நடந்தது என்று நம்பு, நம்பாவிட்டால் நரகம் என்கின்றான். கில்மன் அம்மையார் நடக்காத ஒன்றைச் சேர்த்து, இது கதைதான் என்று சொல்லி, ஆனால் அறையில் பூட்டிய பெண்ணின் தலைக்குள் நடந்தது இதுதான், நீயே யோசித்துப் பார் என்கின்றார். "மனச்சோர்வு அதிகமாயிற்று" என்று அவர் ஒரு வரியில் எழுதியிருந்தால் அது உண்மைதான். ஆனால் படிப்பவனுக்கு ஒன்றும் உறைத்திராது. உடம்புக்குள் நடப்பதைப் பிறத்தியார் கண்ணால் பார்க்கமுடியாதாகையால், அதைக் காட்டுவதற்குக் கற்பனை ஒரு பூதக்கண்ணாடியைப்போல் வேண்டியிருக்கின்றது. கண்ணாடி இல்லாததை உண்டாக்குவதில்லை. இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டுகின்றது. ஆகவே கற்பனையைக்கண்டு பகுத்தறிவுக்காரன் பயப்படவேண்டிய அவசியமில்லை.

ஆபாசம் என்கின்ற கூக்குரல்

உடம்பை எழுதினால் உடனே "ஆபாசம்" என்று ஒரு கூக்குரல் கிளம்பும். அதிலும் பெண்கள் எழுதினால் கேட்கவேண்டியதில்லை. 2002-ல் சித்த வைத்தியம் படித்த கவிஞர் குட்டி ரேவதி "முலைகள்" என்று தம் கவிதைப் புத்தகத்துக்குப் பெயர் வைத்தார். அந்தப் பெயரைக் கேட்டே பலர் கொதித்தெழுந்தார்கள். கோவில் கோபுரத்தில் இருப்பதைக் கும்பிட்டுக்கொண்டும், அரசர்கள் உலா வரும்போது ஏழு பருவத்துப் பெண்களும் மோகித்து நின்றதாகப் புலவர்கள் பாடியதைப் பாடமாகப் படித்துக்கொண்டும் இருந்தவர்கள், பெண் தன் உறுப்பின் பெயரைத் தானே சொன்னவுடன் சமுதாயம் முழுகிப்போயிற்று என்றார்கள். ஆண்பிள்ளை வர்ணித்தால் காவியம். அதை உடையவள் சொன்னால் ஆபாசம்! இது என்ன நியாயம்? கவிஞர் சல்மா சிறு பெண்ணாய் இருக்கும்போதே பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள் இருந்துகொண்டே மறைவாய் எழுதி, புனைபெயரில் வெளியிட்டவர். வங்காளத்து அடுக்களையில் ஒளித்த ஏட்டுக்கும் இதற்கும் நடுவே நூறு வருஷத்துக்குமேல் இருந்தும், ஒளிக்கவேண்டிய அவசியம் ஒழிந்தபாடில்லை.

இது நம் தேசத்துக் கதை மாத்திரமல்ல. அமெரிக்காவில் ஆட்ரி லார்ட் என்கின்ற கறுப்பின கவிஞருக்கு 1978-ல் புற்றுநோயினால் ஒரு மார்பு எடுக்கப்பட்டது. சில நாள் கழித்து வைத்தியர் இடத்துக்குப் போனபோது, பொய் மார்பு வைத்துக்கொள்ளாமல் வந்தால் இங்குள்ளவர்களின் மனத்தைரியம் கெடும் என்று தாதி சொன்னாள். அவர் அதைத் தம் புத்தகத்தில் 1980-ல் எழுதி வெளியிட்டார். எல்லோரும் பஞ்சு வைத்து மறைத்துக்கொண்டால், ஒரே கஷ்டத்தை அனுபவித்த பெண்கள் ஒருவரையொருவர் எப்படித் தெரிந்துகொள்ளுவது என்று கேட்டார். தோழர்களே! மறைப்பதினால் யாருக்கு லாபம் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

ஆபாசம் எது என்பதற்கும் ஒரு அளவுகோல் வேண்டும். பிறர் உடம்பைச் சரக்காக்கிக் காசு பண்ணுவதற்காக எழுதுவது ஆபாசம். தன் உடம்பில் பட்டதை மற்றவர் அறியும்பொருட்டு எழுதுவது ஒருக்காலும் ஆபாசமாகாது.

எப்படி எழுதுவது?

இனி, எழுத நினைக்கின்ற தோழர்களுக்கு நமக்குத் தோன்றியதைச் சொல்லுகின்றோம். பண்டிதர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

முதலாவது, உவமையைக் கடன் வாங்காதீர்கள். தாமரையும் மின்னலும் கெட்டுப்போன சரக்கு. என்ன நடந்தது என்பதை முதலில் வரிசையாய் எழுதுங்கள். உவமை வேண்டியிருந்தால் உங்கள் தொழிலிலிருந்தும் வீட்டிலிருந்தும் அதுவாக வரும்.

இரண்டாவது, முழு உடம்பையும் ஒரே நாளில் எழுதப் புறப்படாதீர்கள். ஒரு உறுப்பு, ஒரு நாள் போதும். நாற்று நடுகின்ற அம்மாள் தன் கால் விரலிடுக்கில் உள்ள சேற்றுப்புண்ணை மாத்திரம் எழுதட்டும். தறிக்குழியில் உட்காருகின்றவர் தம் முதுகை எழுதட்டும். மண்வெட்டி பிடிப்பவர் உள்ளங்கைக் காய்ப்பை எழுதட்டும்.

மூன்றாவது, காரணத்தை விதியின் தலையில் போடாதீர்கள். சேற்றுப்புண் தலையெழுத்தினால் வருவதில்லை. எத்தனை நாள் சேற்றில் நின்றீர்கள், எவ்வளவு கூலி கொடுத்தார்கள், மருந்துக்குக் காசு இருந்ததா என்பதெல்லாம் அந்தப் புண்ணுக்குள்ளேயே இருக்கின்றது. ஓம்பிரகாஷ் வால்மீகி 1997-ல் வெளியிட்ட "ஜூட்டன்" என்ற தம் சுயசரிதையில், எச்சில் சோற்றையும், பள்ளிக்கூடத்தில் படிக்கவிடாமல் தம்மைக் கூட்டவைத்ததையும் எழுதினார். துடைப்பம் பிடித்த அந்தச் சிறு கையை எழுதியதாலேயே ஜாதியின் முழு யோக்கியதையும் வெளியே வந்துவிட்டது.

நான்காவது, உங்கள் உடம்பை எழுதுங்கள்; உங்கள் மனைவியின் உடம்பை எழுதாதீர்கள். ஆண்பிள்ளைகள் பேனா எடுத்தால் உடனே பெண்ணைப்பற்றித்தான் போகின்றது. உங்களுக்கென்று பயம் இல்லையா? வழுக்கை இல்லையா? குடியினால் கெட்ட ஈரல் இல்லையா? வேலை போனபின் வீட்டில் தலை நிமிரமுடியாத கழுத்து இல்லையா? அதை எழுதுங்கள். பிறர் சங்கதியை எழுதவேண்டி வந்தால் அவர்களைக் கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

ஐந்தாவது, "எனக்கு எழுதத் தெரியாது" என்று சொல்லாதீர்கள். பாரிஸில் பத்திரிகாசிரியராய் இருந்த ழான்-டொமினிக் போபி என்பவருக்கு 1995-ல் மூளையில் ரத்தக்குழாய் பாதிக்கப்பட்டு, உடம்பு முழுவதும் அசைவற்றுப்போயிற்று. இடது கண்ணிமை ஒன்றுதான் பாக்கி. ஒருவர் எழுத்துக்களை வரிசையாய்ச் சொல்லிக்கொண்டு வர, வேண்டிய எழுத்து வரும்போது அவர் இமையைச் சிமிட்டினார். அப்படியே ஒரு புத்தகம் சொல்லி முடித்து, அது 1997-ல் வெளிவந்தது. இரண்டு கையும் வாயும் உள்ள நாம் என்ன சமாதானம் சொல்லப்போகின்றோம்? எழுத்து வாசனை இல்லாத தாய்மார்கள் சொல்லட்டும், பேரப்பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். ஆனால் அவள் குடைச்சல் என்று சொன்னால் குடைச்சல் என்றே எழுதவேண்டும். வேதனை என்று திருத்தக்கூடாது.

எழுத்து மந்திரமல்ல

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். எழுதினால் வியாதி பறந்துபோகும் என்று புதிதாய் ஒரு மந்திரத்தைக் கட்டிவிடக்கூடாது. அமெரிக்காவில் பென்னிபேக்கர் என்பவரும் பீல் என்பவரும் 46 மாணவர்களைக்கொண்டு நடத்திய ஒரு பரீட்சையை 1986-ல் வெளியிட்டார்கள். நாலு நாள், நாளுக்கு 15 நிமிஷம், தங்கள் மனத்தை வருத்திய சம்பவத்தை எழுதியவர்களில், நடந்ததோடு அதனால் உண்டான உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அற்ப விஷயங்களை எழுதியவர்களைவிடப் பின்னால் வைத்தியரிடம் குறைவாகப் போனார்கள் என்று கண்டார்கள். அதன்பிறகு எத்தனையோ பேர் சோதித்திருக்கின்றார்கள். பலன் உண்டு, ஆனால் சொற்பம். எல்லோருக்கும் ஒரேமாதிரியல்ல என்றுதான் தெரிகின்றது. ஆகவே காய்ச்சலுக்கு மருந்தும், கட்டிக்கு வைத்தியரும், கூலிக்குச் சங்கமும் வேண்டியதுதான். எழுத்து அவற்றுக்குப் பதிலாகாது. கட்டி இருக்கின்றது என்று வெட்கப்படாமல் வாய்திறக்கின்ற பழக்கத்தை அது உண்டாக்கும். மார்பில் கட்டி கண்டும் வெட்கத்தினால் சொல்லாமல், முற்றவிட்டுச் செத்துப்போன தாய்மார்கள் கொஞ்சமா? அந்த வெட்கம் ஒருவரைக் கொல்லாமல் தடுத்தாலும் எழுதியதற்குக் கூலி வந்துவிட்டது என்போம்.

ஆகவே தோழர்களே! இந்த வாசகசாலையின் அலமாரியில் உடம்பை இழித்துப் பாடிய பாட்டுக்களும், அதைப் பொய்யாய்ப் புகழ்ந்து பாடிய பாட்டுக்களும் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் வைப்பதற்கு, இந்த ஊர் ஆண்களும் பெண்களும் தங்கள் காலையும் கையையும் வயிற்றையும்பற்றித் தாங்களே எழுதிய ஒரு நோட்டுப் புத்தகமாவது வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருகின்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்திக்கொள்ளலாம். பெயர் போட இஷ்டமில்லாத தாய்மார்கள் பெயரில்லாமலே கொடுங்கள். யார் எழுதியது என்று துருவிக் கேட்பதில்லை என்று நிர்வாகிகள் இந்த மேடையிலேயே வாக்குக் கொடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.